பாதிக் கோடு

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மென்பொருள்களின் உரிமங்களைப் பார்த்துக்கொள்ளும் அவளை எல்லோரும் ‘லைசென்ஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் மேசைமேல் ஓர் ஆராய்ச்சி மாணவியின் மடிக்கணினி இரைந்துகொண்டிருக்கிறது. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு இன்றே ஊருக்குக் கிளம்புகிறாள். விலகுகிறவர்களின் உரிமத்தை நீக்கியே ஆகவேண்டும். திரையில் அந்த மென்பொருளில் மூன்று வாரமாக ஓடும் கணக்கு ஒரு சிவப்புக் கோட்டை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டிருக்கிறது. உரிமத்தை எடுத்தால் அது பாதியிலேயே நின்றுவிடும். “முடிய இன்னும் எத்தனை நாள்மா?” “பதினோரு நாள்க்கா. பரவாயில்ல, எடுத்துடுங்க.” சொல்லிவிட்டு மாணவி கைபேசியை எடுக்கிறாள். “இதுவரைக்கும் வந்ததை ஒரு போட்டோ எடுத்துக்கவா?” ஜன்னல் வெயில் திரையில் விழுவதால் கோடு தெரியவில்லை. அக்கா எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாணவி போட்டோ எடுத்து முடித்த பிறகும் திரைச்சீலையை விட அக்காவுக்கு மனம் வரவில்லை.