கூரைமேல் லோவி

கூடையிலிருந்து பூனை தலையை நீட்டியதும் கோடலீவின் கைப்பை நழுவித் தரையில் விழுந்தது. எழுபது வயதுப் பெண்மணி அதைக் குனிந்து எடுக்கவில்லை. பூனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள் இயக்குநர் ஹில்டெ.

தபால்காரர் நேலிஸும் அவருடைய நாய் லோவியும் துப்புத் துலக்கும் முப்பத்தெட்டு காமிக்ஸ் புத்தகங்களை வரைந்தவர் கோடலீவின் அப்பா. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆன்ட்வெர்ப் நகரத்தில், உட்கார்ந்து படிக்கவென்று கழிப்பறை ஜன்னலில் அவற்றில் ஒன்றாவது கிடக்காத வீடு அபூர்வம்.

இப்போதுதான் முதல் முறையாகப் படமாகிறது. பாத்திரங்கள் மூலத்துக்கு உண்மையாக இருக்கின்றன என்று மகள் கையெழுத்துப் போட்டால்தான் திங்கட்கிழமை படப்பிடிப்பு. இல்லையென்றால் ஹில்டெயின் ஆறு வருஷ உழைப்பு அத்தோடு சரி.

அந்தப் படத்தில்தான் அவள் நாயைப் பூனையாக்கி வைத்திருந்தாள்.

"வேற வழி இல்ல மேடம்," என்றார் தயாரிப்பாளர் யோரிஸ். "கம்ப்யூட்டர்ல பண்ணிப் பார்த்தோம், பொம்மை மாதிரி இருந்துச்சு. நாலு நாய் வரவழைச்சோம். கதையில லோவி கூரை முகட்டுல நடக்கணும், அலமாரி உச்சியில தூங்கணும். ஒண்ணுகூட ஏணிகிட்ட வரல. ஒரு நாய் என்னைக் கடிச்சிருச்சு."

"ரெண்டு," என்றாள் ஹில்டெ.

"ரெண்டாவது சும்மா கவ்விச்சு."

"அப்பாகிட்டயும் கேப்பாங்க," என்றார் கோடலீவ், பூனையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நாய் எப்படிங்க கூரையில ஏறும்னு. என் நாய் எங்க வேணா ஏறும், உனக்கென்னன்னு கதவைச் சாத்திடுவாரு."

அந்தக் கோபம் ஹில்டெக்குப் புதிதல்ல. ஒன்பது வயதில் அவளே கோடலீவின் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். லோவி ஏன் ஒரு புத்தகத்தில்கூடக் குரைப்பதில்லை? பதில் அட்டையில் ஒரே வரி இருந்தது: 'அவன் இஷ்டம்.'

யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுகிற சுபாவம் அவளுக்கு. தலையாட்ட முடியாத சில சமயங்களில் அந்த ஒரு வரிதான் துணைக்கு நின்றது. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அந்த ஜீவனை இன்று அவளே மாற்றிவிட்டாள்.

பூனைச் செய்தி எப்படியோ கசிந்து, ஸ்டுடியோவுக்கு வெளியே மழையில் நாற்பது ரசிகர்கள் காகித நாய்க்காதுகளை மாட்டிக்கொண்டு நின்றார்கள். 'நேலிஸ் இல்லாமல்கூடப் படம் எடு, லோவி இல்லாமல் எடுக்காதே' என்றது ஒரு பலகை.

பூனை கூடையிலிருந்து இறங்கியது. உடைகள் தொங்கிய பெரிய அலமாரியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தது. ஒரே தாவல். உச்சியில் சுருண்டு படுத்து, ஒரு காலை மட்டும் கீழே தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

கோடலீவ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

ட்ராமில் வரும்போது ஹில்டெ ஒரு பக்க விளக்கம் தயார் செய்திருந்தாள். அதை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"மன்னிச்சிடுங்க மேடம். லோவியக் கெடுத்துட்டேன்."

"பேனா இருக்கா?" என்றார் கோடலீவ்.

யோரிஸ் மூன்று பேனாக்களை நீட்டினார். கோடலீவ் கிடைத்ததை வாங்கி, ஒப்புதல் பத்திரத்தின் அடியில் நிதானமாகக் கையெழுத்திட்டார்.

ஹில்டெக்குப் பொறுக்கவில்லை. "மூலத்துக்கு உண்மையா இருக்குன்னு அதுல எழுதியிருக்கு மேடம்."

யோரிஸ் அவள் காலை மிதித்தார்.

"படிச்சுட்டுதாம்மா போட்டேன்."

"அப்போ வெளிய நிக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கோடலீவ் ஜன்னல் பக்கம் திரும்பினார். மழையில் ஊறிய காகிதக் காதுகள் ஒவ்வொன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஹில்டெயின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. லோவி எங்க வீட்ல பதினாலு வருஷம் இருந்தான். அப்பாவுக்குப் பூனை வரைய வராது."