ஐநூறுக்குள்ளே

"இந்தத் தடவையும் ஐநூறு யூனிட்டைத் தாண்டுச்சுன்னா பின் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவேன். நான் சொன்னா சொன்னதுதான்."

கர்ணன் பின் வீட்டுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

அங்கே குடியிருந்த ஜெய்த்தூன் பீவிக்கு நுரையீரல் கோளாறு. ராத்திரியில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடியாக வேண்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். பீவி வாடகையோடு கரண்டுக்கும் ஒரு தொகை கொடுத்துவிடுவார். ஐநூறைத் தாண்டி எகிறுகிற பில் கர்ணன் தலையில்.

"மெஷின நிறுத்தச் சொல்றீகளா மாமா?" என்றாள் மருமகள் யுவராணி.

"அத ஏன் நிறுத்துறாக? ஐநூறுக்குள்ள அடக்குன்னுதான் சொல்றேன்."

"அப்ப உங்க ஏசி..."

"அதுல கைய வைக்காத ஆத்தா. கம்பத்து வெயில்ல வெந்து சாகவா நான்?"

யுவராணி அன்றே ஆரம்பித்தாள். வாஷிங் மெஷினை உறை போட்டு மூடிவிட்டுத் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தாள். மாவை உரலில் ஆட்டினாள். கசங்கிய சட்டையோடு எப்படி ஆபீஸ் போவது என்று கணவன் மதன்குமார் முனகினான். மெத்தைக்கு அடியில் மடித்து வைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் ஒரே ஃபேனுக்கு அடியில் படுத்தார்கள்.

கர்ணன் மட்டும் அசையவில்லை. சாப்பிட்டதும் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். காலையில் இறங்கி வந்து, "என்னா குளிரு. போர்வை பத்தல" என்பார். யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பீவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார். தனக்காக மாமனாரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று யுவராணியிடம் சொன்னார்.

ரீடிங் எடுக்க ஆள் வந்தபோது யுவராணி பயந்துபோய் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. மதன்குமார்தான் ஓடிவந்து சொன்னான். நானூற்று முப்பது!

நேராக மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"பாத்தீகளா மாமா? உங்க ஏசியும் ஓடி, பீவியம்மா மெஷினும் ஓடி, ஐநூறுக்குள்ள முடிச்சுக் காட்டிட்டேன்."

"சரி, சரி. அந்தம்மா இருந்துட்டுப் போகட்டும்." கர்ணன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பீவி மூட்டையை அவிழ்த்தார். தெருவில் அன்று யுவராணியின் சாமர்த்தியம்தான் பேச்சு. ஜெயித்த சந்தோஷத்தில் அவளுக்கு மாமனார் மேலிருந்த கோபம்கூட ஆறிவிட்டது. ராத்திரி ராத்திரியாக ஓடிய ஏசி தூசி அடைத்துக் கிடக்கும், அதைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று கணவனை அனுப்பினாள். அவன் பின்சுவரில் ஏணியைச் சாத்தி, ஏசியின் வெளிப்பெட்டிவரை ஏறினான். ஏறியவன் அப்படியே நின்றான்.

"என்னாங்க, தண்ணிய அடிக்காம நிக்கிறீக?"

"எப்பிடி அடிக்கிறது? ஃபேனு ரெக்கையில குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிருக்கு யுவா. அப்பா ஒரே ஒரு நாள் ஏசியப் போட்டிருந்தாலும் இது இங்கன இருந்திருக்காது."