பேயின் சிரிப்பு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, ஒரு பேயின் கதை சொல்கிறேன்.

ஒரு நடிகர் இருந்தார்; ஒரே படத்தில் பேயாகச் சிரித்தவர் அவர். முப்பது வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்புக்காகவே ரசிகர்கள் விழா எடுத்தார்கள். மேடையில் சிரிக்காவிட்டால் மானம் போய்விடும். அவரோ, ஜலதோஷம் பிடித்த மனைவியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"வெந்நீர் குடிச்சியா? பேசாதே!"

"சிரிக்கப்போறது நீங்கப்பா! அம்மா தொண்டைக்கு எதுக்கு இவ்வளவு உபசாரம்?" என்றாள் மகள். அவர் அசடு வழிந்தார்.

விழா நாளில் அவர் மேடையேறியதும், "சிரிங்க தலைவா!" என்று அரங்கமே கத்தியது. அவர் வாயைத் திறந்தார். அதே சிரிப்பு! கூரை அதிர்ந்தது.

திரைக்குப் பின்னால் ஓடிவந்த மகள் திகைத்து நின்றாள். அங்கே கையிலிருந்த மைக்கை அணைத்துவிட்டு அம்மா கிசுகிசுத்தாள்: "படத்துக்கு டப்பிங் குடுத்ததே நான்தான்டி. உங்கப்பா சிரிச்சா பூனை தும்மின மாதிரி இருக்கும்!"

உங்கள் வீட்டிலும் ஒருவர் சிரிப்பு இன்னொருவர் வாயில் மலரட்டும்!