இசோலீனா வீட்டு ஓட்டை நாற்காலி

"அதுல வேணாம் ராசா! உனக்குன்னே தனியா செஞ்சு வெச்சிருக்கேன், இதுல உக்காரு!"

இத்தாலிய மலைக் கிராமத்து இசோலீனா, விருந்துக்கு வந்த சார்ஜென்ட் எஸ்ராவின் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு நாற்காலியைக் காட்டினாள். நல்ல கனமான நாற்காலிதான். ஆனால் உட்காரும் பலகையின் பின்பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. புதிதாக அறுத்தது. தரையில் மரத்தூள்கூடக் கிடந்தது.

எஸ்ரா, கூட வந்த கார்ப்பொரல் டெல்மரைப் பார்த்தான்.

"டேய், நேத்து தண்ணி குடிக்கப் போன வீட்டுலயும் ஓட்டை நாற்காலிதான் போட்டாங்க. இந்த ஊர்ல முழு நாற்காலியே கிடையாதா?"

"இருக்கு அண்ணே. அந்தம்மா உக்காரப் போறதுல ஓட்டை இல்ல, பாருங்க."

எஸ்ராவுக்கு முகம் சுண்டிப்போனது. அமெரிக்காவின் மிசிசிப்பியில், கறுப்பர்களை உள்ளே விடாத ஹோட்டல்களின் பின்வாசலில் நின்றே தின்று வளர்ந்தவன். உலகப் போரில் இத்தாலிக்குச் சண்டை போட வந்த பிறகு, மாதக்கணக்காக மலைச் சேற்றில் குந்தித் தகர டப்பாவில் சாப்பிடுகிறான். ஒரு வீட்டுக்குள், மேசை முன்னால், மனுஷனாக உட்கார்ந்து ஒரே ஒரு வேளை சாப்பாடு. குண்டு பட்டுச் சாவதற்குள் அது கிடைத்தால் போதும் என்றிருந்தான். அதற்காகவே இன்று சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன சங்கதின்னு கேளுடா."

டெல்மர் நியூ ஆர்லியன்ஸில் ஓர் இத்தாலியரின் காய்கறிக் கடையில் மூட்டை தூக்கியவன். அவனுக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் பாதி வசவு, மீதி தக்காளி விலை. அதை வைத்து ஒப்பேற்றிக் கேட்டான்.

இசோலீனா வெட்கத்தோடு ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள்.

"போன வாரம் உங்க கேப்டன் ஜீப்புல வந்தாரு. கறுப்புப் பசங்க வராங்க, கதவைச் சாத்திக்கோங்க, எல்லாருக்கும் வால் இருக்குன்னு இப்படி ஆட்டிக் காமிச்சாரு. பாஷை தெரியாட்டி என்ன, வால் புரியாதா? பாவம், மடிச்சு வெச்சு உக்காந்தா வலிக்குமேன்னு தச்சனைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன்."

டெல்மர் அப்படியே எஸ்ராவிடம் சொன்னான்.

கேப்டன் வின்ஃபீல்டு இவர்களுடைய அதிகாரிதான். பட்டாளத்தில் சிப்பாய்கள் எல்லாரும் கறுப்பர்கள், அவர் வெள்ளைக்காரர்.

எஸ்ராவுக்குச் சுர்ரென்று ஏறியது. இரும்புத் தொப்பியைக் கையில் எடுத்தான்.

"வாடா போகலாம்!"

வாசல்வரை போனவன் நின்றான்.

"இரு. நமக்கு வால் இருக்குன்னு நம்பிக்கிட்டேவா இந்தம்மா விருந்துக்குக் கூப்பிட்டுச்சு?"

"ஆமா அண்ணே."

"நமக்கு வால் இல்லேன்னு நம்ம ஊர் வெள்ளைக்காரனுங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் உள்ள விடமாட்டானுங்களேடா!"

எஸ்ராவின் கண் கலங்கிவிட்டது.

"அழறதா இருந்தா சாப்பிட்டுட்டு அழுங்க அண்ணே. களி ஆறுது."

மேசையில், கஷ்கொட்டை என்ற காட்டுக் கொட்டையின் மாவில் கிண்டிய களியிலும் முயல் கறியிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. டெல்மர் இசோலீனா பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். நடுவில் தன் தோளைத் தொட்டுக் காட்டினான். அவள் விழி பிதுங்கக் கேட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஓட்டை நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு இரண்டு முழு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள்.

"என்னடா சொன்ன?"

"நமக்கு வால் இல்லேன்னு சொன்னேன்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"என் இத்தாலி அவ்வளவுதான் அண்ணே."

எஸ்ரா உட்கார்ந்தான். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டான். முதல் கரண்டி களியை வாயருகே கொண்டுபோகும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

கேப்டன் வின்ஃபீல்டு தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார்.

"டேய் பசங்களா, யாரைக் கேட்டு இங்க உக்காந்தீங்க? தட்டைத் தூக்கிக்கிட்டு கழுதைக் கொட்டாய்க்குப் போங்க. இந்த மேசையில நான் சாப்பிடணும்!"

எஸ்ரா கரண்டியைக் கீழே வைத்தான். எதிர்த்துப் பேசினால் ராணுவ விசாரணைதான். தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தான்.

இசோலீனாவுக்குக் கேப்டன் பேசியது புரியவில்லை. அவர் தோளில் மின்னிய வெள்ளிப் பட்டைகளைத்தான் பார்த்தாள். பார்த்ததும் பதறி ஓடி, மூலையில் கிடந்த ஓட்டை நாற்காலியை இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்து மேசையின் தலைப்பக்கம் போட்டாள். பிறகு மிகுந்த மரியாதையோடு ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் ஆட்டி, ஓட்டையைச் சுட்டிக்காட்டி, 'தாராளமாக விட்டுக்கொள்ளுங்கள்' என்பதுபோல் தலையசைத்தாள்.

கேப்டன் ஓட்டையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். காது மடல்வரை சிவந்துபோனார். இதென்ன கூத்து என்று கேட்டால், அந்த ஆட்டத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்ற பேச்சும் வரும். விறுவிறுவென்று திரும்பிப் போய் ஜீப்பில் ஏறினார்.

இசோலீனா வாசல்வரை போய் அவருடைய பின்பக்கத்தையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு இறுக்கமான கால்சட்டைக்குள்ள மனுஷன் எப்படித்தான் மடிச்சு வெச்சிருக்காரோ!"

எஸ்ரா தட்டை மறுபடி மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"டெல்மர், நெசத்தைச் சொல்லு. இந்தம்மாகிட்ட என்னடா சொன்ன?"

டெல்மர் முயல் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:

"எங்க ராணுவத்துல வால் இருக்கறவங்களைத்தான் அதிகாரியாப் போடுவாங்க, எங்க ரெண்டு பேருக்கும் அது முளைக்கல, அதான் இன்னும் சேத்துல நடக்கறோம்னு சொன்னேன் அண்ணே."