இருபத்து நாலு செக்கன்

"சேர், கலைச்செல்வி கள்ள டைம் சொல்றா!"

அணித் தலைவி அனுஷியா கூடைப்பந்தைத் தரையில் ஓங்கி அடித்தாள். அவள் பந்தைக் கூடைக்கு எறியுமுன்னே, கோட்டோரம் ஸ்டொப் வொட்ச்சோடு நின்ற கலைச்செல்வி "டைம்!" என்று கத்திவிட்டாள்.

"இன்னைக்கு மட்டும் பத்துத் தடவை சேர். வேணும்னே பண்றா."

கலைச்செல்வி ஸ்டொப் வொட்ச்சைத் திரும்பவும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள்.

யார் பக்கம் பேசுவதென்று இந்திரகுமார் மாஸ்டருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்ததே அந்த ஒரு ஸ்டொப் வொட்ச்தான்.

"ஃபைனலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. சண்டையை விட்டுட்டு வேகமா விளையாடுங்கம்மா."

போன வருஷம் வரை தலைவி கலைச்செல்விதான். பந்து அவள் கைக்கு வந்தால் ஆட்டமே நிதானமாகிவிடும். முப்பது செக்கனும் தட்டித் தட்டி, ஆள் பார்த்துக் கொடுப்பாள். அப்புறம் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து சட்டத்தை மாற்றினார்கள். இனி பந்து கிடைத்தால் இருபத்து நாலு செக்கனுக்குள் கூடைக்கு எறிய வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்கு.

மாற்றினவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கலைச்செல்வியின் இடம் போனது. மாஸ்டர் அவள் கையில் ஸ்டொப் வொட்ச்சைக் கொடுத்து, நேரம் பார்க்கச் சொன்னார்.

"இடம் போன வயித்தெரிச்சல், வேற என்ன?" என்றார்கள் பிள்ளைகள். ஃபைனலுக்குப் போன பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ரத்தினபுரியில் எதிரே டவுன் கல்லூரி. ஒவ்வொருத்தியும் நம் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரம். மேசையில் ஒரு டீச்சர் நேரம் பார்த்துக் கை தூக்க, நடுவர் விசில் ஊதினார்.

டவுன் பிள்ளைகள் பழைய பழக்கத்தில் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள். விசில். மறுபடியும் அதே. மறுபடியும் விசில்.

"ஹொரகம! கள்ள ரெஃபரி!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கூட்டம் கத்தியது. நடுவர் அசையவில்லை. ஏழு தடவை ஊதினார்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தடவைகூட ஊதவில்லை. பந்து கைக்கு வந்ததும் பறந்தார்கள். ஆட்டம் முடிந்தபோது நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. முதல் தடவையாக ஒரு கப் மலையேறப் போகிறது! இந்திரகுமார் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமை என்றால் அப்படியொரு பெருமை.

அனுஷியா கப்போடு நேரே அவரிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"சேர், இங்க இருபத்து நாலு செக்கன் எவ்வளவு நேரம் தெரியுமா? எறிஞ்சிட்டு மூச்சு வாங்கக்கூட நேரம் இருந்துச்சு. இவ்வளவு நாளும் இவ எங்களை ஏமாத்தியிருக்கா. கேளுங்க சேர்!"

மாஸ்டர் திரும்பினார். "உண்மையாம்மா?"

"ஆமா சேர்" என்றாள் கலைச்செல்வி. "இருபதுலயே கத்திருவேன்."

"ஏம்மா அப்படிப் பண்ணினே?"

"மேசையில யாரு உக்காந்திருப்பாங்கன்னு நமக்குத் தெரியாதுல்ல சேர். பதினெட்டுக் கிலோ கொழுந்து இருந்தாத்தான் முழு நாள் பேரு, முழுச் சம்பளம். நிறுக்கிறப்போ ரெண்டு கிலோ கழிச்சிருவாங்கன்னு எங்கம்மா எப்பவும் இருபது பறிச்சிட்டுத்தான் வருவாங்க. அதான் நானும் நாலு செக்கனைக் கழிச்சேன்."

அனுஷியாவின் அம்மாவும் அதே மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள். அவள் கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கலைச்செல்வி பக்கம் திரும்பினாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி? உன்னை எவ்வளவு திட்டிட்டேன்!"

"சொல்லியிருந்தா அந்த நாலு செக்கனையும் எடுத்துக்கிட்டிருப்பீங்க" என்றாள் கலைச்செல்வி. "நீங்க என்னையத் திட்டினா பரவாயில்லடி. ரெஃபரி உங்களுக்கு ஊதிரக் கூடாது."