காயாத சட்டை

“உங்க சட்டையும் காயலையா தம்பி?” மொட்டை மாடிக் கொடியைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள் பக்கத்து வீட்டு அக்கா.

“இல்லக்கா. சாயந்தரம் ஒரு விழாவுக்குப் போகணும்.”

“எதிர்ல அந்த நாற்பது மாடி எழும்பினதுலேருந்து நமக்கு வெயிலே கிடையாது. கடை, ஆபீஸ், வீடு எல்லாம் சூரிய மின்சாரத்துலயே ஓடுதாம்.”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“ஓடாம என்ன பண்ணும்? நம்ம பங்கையும் சேர்த்துல்ல முழுங்குது. பிளான் போட்ட புண்ணியவான் வீட்டுல துணியே துவைக்க மாட்டாங்க போல. சட்டையைக் குடுங்க, தேய்ச்சுத் தர்றேன்.”

அவன் ஈரச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து நீட்டினான்.

மாலையில் மேடையில் அறிவித்தார்கள்: “வெயிலைத் துளியும் வீணாக்காத கட்டிடத்தை வடிவமைத்தவருக்கு இந்த ஆண்டின் விருது.”

கைதட்டலுக்கு நடுவே அவன் தலைகுனிந்து எழுந்தான். அக்கா தேய்த்துக் கொடுத்த சட்டையின் காலர் இன்னும் ஈரமாகவே இருந்தது.