அரசுக்குப் பக்கத்துப் புளி

ராஜ்ஜியமே வேண்டாம் என்று அரண்மனையை விட்டு வந்த சித்தார்த்தர், போயும் போயும் ஓர் அரசமரத்தடியில்தான் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த புளியமரத்துக்கு வயிறு எரிந்தது.

"அரசை உதறியவருக்கு அரசடிதான் கிடைத்ததா? என் நிழலுக்கு என்னய்யா குறைச்சல்?" என்று கத்தியது.

அவர் ஞானம் பெற்று, புத்தராகிப் போய்விட்டார். கூட்டம் மட்டும் ஓயவில்லை. அரசமரத்துக்குப் பட்டு கட்டிக் கும்பிட்டார்கள். கும்பிட வந்தவர்கள் தங்க ஒரு மண்டபம் வேண்டுமென்று, ஒருநாள் புளியமரத்தை வெட்டக் கோடரியோடு வந்தார்கள்.

புளியமரம் உடனே அரசமரத்திடம் பேரத்தில் இறங்கியது.

"அண்ணே, உங்கள் ஆள் எறும்பைக்கூட மிதிக்காதவராச்சே! ஒரு கிளையோடு நிறுத்தச் சொல்லுங்கள். சரி, பாதி மரம். அட, வேர் மிஞ்சினால் போதும், பிழைத்துக்கொள்வேன். நீங்கள் கொஞ்சம் சலசலத்தால் தெய்வக் குற்றமென்று ஓடிவிடுவார்கள்."

"உயிர்மேல் இத்தனை ஆசையா தம்பி?" என்றது அரசமரம், குழைவாக. "ஆசைதானே துன்பத்துக்குக் காரணம்! விட்டுவிடு."

புளியமரத்துக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்படியா சேதி? ஆசையை விட்டவருக்குக் கோடரி வலிக்கவா போகிறது! வாங்கண்ணே, இடம் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டுத்துணியை இப்படிக் கொடுங்கள்."

காற்றில்லாத நாளிலும் சலசலக்கிற அரசமரத்தில் ஓர் இலை அசையவில்லை. அதற்குத் தியானம் கூடிவிட்டது.